பக்கத்து வீட்டுப் பூனைத் தொல்லை: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

வேலூரில் வீடுகள் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். சலவன்பேட்டையிலோ கொசப்பேட்டையிலோ ஒரு மொட்டை மாடியில் ஏறிய பூனை, தரையில் கால் வைக்காமலே தெருக்கோடி வரை போய்விடும். சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர் போல மனை பிரித்துக் கட்டிய இடங்களில் நடுவில் காம்பவுண்டு சுவர் இருக்கும். பூனைக்கு அதுவே நடக்கிற வழி. அதனால் இங்கே ஒருவர் பூனை வளர்த்தால் அக்கம்பக்கத்து நாலு வீடும் சேர்ந்து வளர்த்த மாதிரிதான். ஆசை ஒருவருக்கு, நாற்றம் இன்னொருவருக்கு என்று ஆகும்போது சண்டை வருகிறது.

நான் பூனை வளர்க்கிறவள். எங்கள் தெருவில் பூனையால் சண்டை வந்தால் இரண்டு பக்கத்துக்காரர்களும் என்னைக் கூப்பிடுகிறார்கள். எந்தப் பஞ்சாயத்திலும் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு: பூனைக்கு யார் சோறு வைக்கிறாரோ, அது செய்கிற சேட்டைக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தொல்லைப்படுகிறவர் தன் வீட்டைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடிய வேலைகளையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் வேலையும் முதல் செலவும் வளர்க்கிறவருடையது.

உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன்னால் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

எந்தப் பூனை என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நிறையப் பேர் தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். சாம்பல் வரிப் பூனை ஒரே தெருவில் நாலைந்து இருக்கும். இருட்டில் பார்த்துவிட்டு "உங்க பூனதான்" என்று போய் நின்றால், அது இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். போனில் படம் எடுங்கள். முகம் மட்டும் போதாது. இரண்டு பக்க விலாவும் வால் நுனியும் தெரிய வேண்டும், வரிப் பூனைகளுக்குள் வித்தியாசம் அங்கேதான் தெரியும். எத்தனை மணிக்கு வருகிறது, எந்தச் சுவரேறி வருகிறது, எந்தப் பக்கம் திரும்பிப் போகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

கழுத்தில் பட்டை இருந்தால் வேலை சுலபம். சின்னக் காகிதத் துண்டில் "இது உங்கள் பூனையா? இந்த எண்ணில் பேசுங்கள்" என்று எழுதிப் பட்டையில் டேப் போட்டுச் சுற்றி அனுப்புங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு அது போய்ச் சேருகிற வீட்டில் யாராவது கட்டாயம் படிப்பார்கள்.

தலை பெருத்து, கன்னம் உப்பி, காது கிழிந்து, உடம்பெல்லாம் பழைய தழும்போடு வருவது ஊர் சுற்றும் கடுவன் (ஆண் பூனை). அதற்கு வீடே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

"அது எங்க பூன இல்லீங்க, சும்மா சோறுதான் வைக்கிறோம்"

நான் பார்த்தவரை தெருச்சண்டைகளில் மிகவும் இழுபறியாவது இதுதான். தினமும் சாயங்காலம் கேட் ஓரம் ஒரு தட்டில் சோறும் கருவாட்டுத் துண்டும் வைப்பார்கள். குட்டியிலிருந்து பேர் வைத்துக் கூப்பிடுவார்கள். ஆனால் எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட்டு கிழிந்ததென்று கேட்டால், "தெருப் பூனைங்க அது, நாங்க இன்னா பண்றது" என்பார்கள். சோறு வைப்பது நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தட்டுதான் பூனையை அந்தத் தெருவிலேயே இருக்க வைக்கிறது. அந்தத் தட்டை நம்பித்தான் அது அங்கே குட்டியும் போடுகிறது.

இவர்களிடம் "உங்கள் பூனைதான், ஒப்புக்கொள்ளுங்கள்" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நீங்க கூப்பிட்டா வருது, எங்க கைக்குச் சிக்க மாட்டேங்குது. ஆபரேஷனுக்குப் பிடிச்சுக் குடுத்தா போதும், செலவை நாலு வீடா பிரிச்சுக்கலாம்" என்று கேளுங்கள். பூனையைப் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தெருவில் வேறு யாராலும் முடியாது. அப்படிப் பிடித்துக் கருத்தடை செய்யும்போது, டாக்டரிடம் சொன்னால் ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக ஒரு காதின் நுனியைக் கொஞ்சம் நறுக்கி விடுவார். அடுத்த முறை யாரும் அதையே திரும்பப் பிடித்து அலைய வேண்டாம்.

தட்டு வைக்கிற இடத்தையும் மாற்றச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுச் சுவரோரம், வாசல் ஓரம் வேண்டாம். அவர்கள் வீட்டுப் பின்பக்கத்தில், அவர்கள் கண் பார்வையில் வைக்கட்டும். நேரம் வைத்து வைக்க வேண்டும், பூனை தின்று முடித்ததும் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இரவு முழுக்கக் கிடக்கிற சோறு எலியையும் பெருச்சாளியையும் அடுத்த தெருக் கடுவனையும் கூப்பிடும்.

தொட்டி மண்ணிலும் மணல் குவியலிலும் மலம்

மாடியில் கத்திரி நாற்று நட்ட தொட்டியைக் கிளறிப் போட்டிருக்கும். வீட்டு வேலைக்காக வாசலில் கொட்டிய எம்.சாண்டில் கொத்தனார் கரண்டியை விட்டதும் நாறும்.

பூனை மலத்தைப் புதைக்கிற பிராணி. பொலபொலவென்று காய்ந்த மண் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். வளர்க்கிறவர் வீட்டில் மாடிப்படி வரை டைல்ஸ். மண் இருப்பது உங்கள் வீட்டில். அப்புறம் அது எங்கே போகும்? இதற்குத் தீர்வு வளர்க்கிறவர் வீட்டுக்குள் இருக்கிறது. அகலமான, உயரம் குறைந்த பிளாஸ்டிக் டப்பில் நாலு விரல் ஆழத்துக்கு மணல் போட்டு, சோற்றுத் தட்டுக்குத் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வைக்க வேண்டும். பூனை மலம் கழிக்கவென்று கடையில் விற்கும் 'லிட்டர்' மணல்தான் வேண்டும் என்றில்லை. சலித்த மணல் போதும், மர அறுவை மில்லில் கிடைக்கும் தூளும் போதும். எத்தனை பூனையோ, அதற்கு ஒன்று கூடுதலாக டப் இருக்க வேண்டும். காலையும் மாலையும் அள்ள வேண்டும். அழுக்கு டப்பில் பூனை கால் வைக்காது, திரும்பவும் உங்கள் தொட்டிக்கே வரும்.

பழக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் தொட்டியில் அது போட்டதையே கொஞ்சம் மண்ணோடு எடுத்து அவர்கள் டப்பில் போடச் சொல்லுங்கள். தன் வாசனை இருக்கிற இடம் அதற்குப் பிடிக்கும். சாப்பிட்டு முடித்ததும் தூக்கி அதில் விட வேண்டும். பழகும்வரை ஒன்றிரண்டு வாரம் பூனையை வெளியே விடக் கூடாது. பின்னாலேயே அலைய வேண்டியிருக்கும், ஆனால் பலன் நிற்கும். அள்ளியதைக் கவரில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். சாக்கடையில் தள்ளுவதும் கீரைப் பாத்திக்கு உரமாகப் போடுவதும் கூடாது.

உங்கள் பக்கத்தில்: தொட்டி மண்மேல் உடைத்த கொட்டாங்குச்சியோ முக்கால் ஜல்லியோ நெருக்கமாகப் பரப்புங்கள். கோழி வலையை வெட்டிப் படுக்கப் போட்டுச் செடி வர மட்டும் ஓட்டை விட்டாலும் சரி. இலவம்பாடி முள் கத்திரி வைத்திருப்பவர்களுக்கு வேறொன்றும் வேண்டாம். கிள்ளிப் போட்ட முள் குச்சிகளை மண்மேல் விரித்தால் பூனை உட்காராது. மணல் குவியலுக்குத் தார்ப்பாய், நாலு மூலையிலும் செங்கல். ஃபீனாயில், பாச்சை உருண்டை, மிளகாய்த்தூள் மூன்றையும் தொடாதீர்கள். முதல் இரண்டும் பூனைக்கு விஷம். காலில் ஒட்டியதை நக்கியே சாகும். மிளகாய்த்தூள் உங்கள் வீட்டுக் குழந்தை கண்ணுக்கும் போகும்.

மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள், பூனை மலத்தால் குழந்தைக்கு ஆபத்து என்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. பயம் நியாயமானது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் வரும். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். ஆனால் பூனை பொதுவாக முதல் முறை தொற்றுகிறபோது ஒன்று முதல் மூன்று வாரம்தான் இந்தக் கிருமியின் முட்டைகளை வெளியேற்றும். வெளியே வந்த முட்டை நோய் பரப்பும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளுங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் காரணம். கர்ப்பிணி மண் வேலை செய்யாமல் இருக்கட்டும், செய்தால் கையுறை போடட்டும். கீரையை நன்றாக அலசுங்கள். அரைவேக்காட்டுக் கறியிலிருந்தும் இதே கிருமி வரும், அதையும் மறக்க வேண்டாம்.

கதவு, கேட், பைக் டயரில் மூத்திர நாற்றம்

தரையில் குட்டையாக இருந்தால் அது சாதாரண மூத்திரம். நின்ற நிலையில், வாலைத் தூக்கி நடுக்கி, சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பீய்ச்சியிருந்தால் அது எல்லை குறிப்பது. பெரும்பாலும் காயடிக்காத கடுவன்தான் செய்யும். இதற்கு வலை, முள், மூடி எதுவும் பலிக்காது. அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. ஐந்து ஆறு மாத வயதிலேயே செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்களுக்கு இந்தப் பழக்கமே வராது. வளர்ந்த பிறகு செய்தாலும் பெரும்பாலும் குறையும். ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும், அதுவரை பக்கத்து வீட்டார் பொறுக்க வேண்டும். "ஆம்பளப் பூனதானே, குட்டியா போடப் போகுது" என்று விட்டுவிடுகிற வீடுகள்தான் இந்தப் பிரச்சினையைத் தெரு முழுக்கப் பரப்புகின்றன.

கழுவும்போது பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். மூத்திரத்தோடு சேர்ந்து மூச்சை அடைக்கிற புகை வரும். அம்மோனியா கலந்த கிளீனர் மூத்திரம் போலவே வாசனை தருவதால் பூனை திரும்ப வரும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றிக் காய விடுங்கள்.

ராத்திரி ஷீட் கூரைமேல் கத்தல், சண்டை

பெட்டைப் பூனைக்கு நாலு ஐந்து மாதத்திலேயே பருவம் வந்துவிடும். சினைப்படாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். சினை சுமார் 63 முதல் 65 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகவும் முடியும். ஒரு பெட்டை கத்தினால் சுற்றுவட்டக் கடுவன்கள் எல்லாம் உங்கள் கூரைமேல்தான் கூடும். தண்ணீர் ஊற்றி விரட்டினால் அடுத்த கூரைக்குப் போகும், அவ்வளவுதான்.

கருத்தடை செய்யுங்கள் என்று சொன்னால் "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்ற பதில் வருகிறது. ஒரு தடவை குட்டி போடுவதால் பூனை உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. பிறக்கிற குட்டிகளில் எத்தனை வண்டிச் சக்கரத்திலும் நாய் வாயிலும் போகின்றன என்று பார்த்தவர்களுக்கு எது பாவம் என்று தெரியும். அரசு கால்நடை மருத்துவமனையிலோ தனியார் கிளினிக்கிலோ முன்கூட்டியே நாள் கேட்டு வையுங்கள். முந்தின இரவு எப்போதிலிருந்து பட்டினி என்று டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பெட்டைக்குத் தையல் ஆறப் பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் மாடிக்கு விட்டால் தையல் பிரிந்துவிடும்.

ஆபரேஷன் ஆகும்வரை, பொழுது சாய்ந்ததும் பூனையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்துங்கள். பாதித் தெருவுக்கு அன்றிரவே தூக்கம் வரும்.

சமையலறையில் மீன் போகிறது, பால் பாத்திரம் உருள்கிறது

ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத் தொட்டியில் மீன் ஆய்கிற வீட்டுக்கு எந்தப் பூனையும் வரும். செதிலையும் குடலையும் உடனே கவரில் கட்டிவிடுங்கள், ஜன்னலுக்குக் கொசுவலைக்குப் பதில் இரும்பு வலை அடியுங்கள். இவை உங்கள் வேலை.

வளர்க்கிறவர் பார்க்க வேண்டியது வேறு. பூனைக்குத் தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பூனை கறி தின்கிற பிராணி. டாரின் என்ற சத்து கறியிலும் மீனிலும்தான் கிடைக்கும்; அது இல்லாமல் போனால் நாளடைவில் கண் பார்வையும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றால் போகும், அதுவும் அடுத்தவர் மாடியில்தான். வீட்டுப் பழக்கம் சைவம் என்றால் பூனைத் தீனிப் பாக்கெட் வாங்கிப் போடலாம். மற்றவர்கள் முள் எடுத்த வேகவைத்த மீன், கோழிக் கழுத்துக் கறி, கொஞ்சம் ஈரல் போட்டால் போதும். ஈரலையே தினமும் போடக் கூடாது. அடுத்த வீட்டில் மீன் ஆய்கிற நேரத்துக்கு முன்னாலேயே உங்கள் பூனை வயிறு நிரம்பியிருக்கட்டும்.

புறாவையும் கோழிக்குஞ்சையும் அடித்துவிட்டது

பத்தில் ஒரு சண்டை கைகலப்பு வரை போகிறதென்றால் அது இதற்காகத்தான் இருக்கும். மாடியில் பந்தயப் புறா வளர்ப்பவருக்கு அது வெறும் பறவை கிடையாது. குஞ்சிலிருந்து கையில் தீனி கொடுத்து, வளையம் போட்டு, தூரத்தூரமாகக் கொண்டுபோய் விட்டுத் திரும்பி வரப் பழக்கியது. காலையில் கூண்டைத் திறந்தால் இறகு சிதறிக் கிடக்கும். கூண்டின் மூலையில் கம்பி வளைந்திருக்கும். மிச்சப் புறாக்கள் மேல் தட்டில் ஒன்றோடொன்று அண்டிக்கொண்டு இரைக்கு இறங்கவே இறங்காது. அந்த மனிதர் அந்த நேரத்தில் பேசுகிற வார்த்தைகளைப் பூனைக்காரர் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

"நாங்க வயிறு நிறையத்தானே போடுறோம்" என்று சொல்வது பதிலாகாது. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிரம்பிய பூனையும் படபடக்கிற இறகைக் கண்டால் பாயும். செத்த பறவைக்கு, அதை வளர்த்தவர் சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கொடுத்த பிறகுதான் கூண்டைப் பற்றிப் பேச வாய் திறக்கலாம்.

கூண்டுக்குக் கோழி வலை போதாது. பூனை இழுத்தே பிய்த்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வேண்டும், அடித்தட்டும் தரையிலிருந்து தூக்கியிருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் கதவைத் தாழ் போட வேண்டும். பூனை வேட்டையாட இறங்குவது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான், அந்த இரண்டு வேளையும் பூனை உள்ளே இருந்தாக வேண்டும். மணி கட்டினால் கொஞ்சம் பயன், முழுப் பயன் இல்லை. திரும்பத் திரும்ப நடந்தால், பூனைக்காரர் தன் மாடியைச் சுற்றி நைலான் புறா வலை கட்டித் தன் பூனையை அதற்குள் வைத்துக்கொள்வதே முறை. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

கீறிவிட்டது, கடித்துவிட்டது

இதில் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். பூனையாலும் வெறிநோய் வரும். வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. தோலுக்குள் போடுகிற முறையில் முதல் நாள், 3, 7, 28-ம் நாட்களில் ஊசி. ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டியிருக்கும். பூனைப் பல் ஊசி மாதிரி மெல்லிசாக ஆழமாக இறங்குவதால் வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். மறுநாள் வீங்கிச் சிவந்தால் திரும்பவும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பூனைக்காரர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆட்டோ செலவு உட்பட அவருடையது. பூனையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் போகட்டும். மூன்று மாத வயதில் வெறிநோய் ஊசி, பிறகு வருடா வருடம். அந்த அட்டை இல்லாமல் பூனையை வெளியே விடுவதே தவறு. பூனையைப் பத்து நாள் கட்டுக்குள் வைத்துக் கவனிக்க வேண்டும். அது நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆளுக்கு ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

சின்னத் தொல்லைகள்

ஸ்கூட்டர் சீட்டில் நகம் தீட்டினால், சீட் கவர் பூனைக்காரர் வாங்கித் தரட்டும், தன் வீட்டில் ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிறு சுற்றி நிறுத்தட்டும். மார்கழிக் குளிரில் கார் பானட்டுக்குள் சூட்டுக்குப் போய்ப் படுக்கும். வண்டி எடுக்குமுன் பானட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

கத்திரி வெயிலில் உங்கள் ஹாலுக்குள் வந்து படுக்கிறதா? ஷீட் கூரை வீட்டில் வேலூர் வெயிலைப் பூனையாலும் தாங்க முடியாது. பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை எங்கே இருக்கிறதோ அங்கே போய் வயிற்றைப் பரப்பிப் படுக்கும். வளர்க்கிறவர் நிழலில் இரண்டு இடத்தில் மண் சட்டியில் தண்ணீர், நனைத்த சாக்கு வைத்தால் அலைவது குறையும்.

பரணில், சன்ஷேடில் குட்டி போட்டுவிட்டது

தொடாதீர்கள். கை வைத்தால் தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இன்னும் எட்டாத இடத்துக்குப் போகும். சோறு வைக்கிறவருக்குச் சொல்லி அனுப்புங்கள். குட்டிகளுக்கு எட்டு வாரம் வரை தாய் வேண்டும். அதற்குப் பிறகு கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம், தாய்க்கு உடனே ஆபரேஷன். எட்டு வாரம் உங்கள் சன்ஷேடு போகிறது, அதற்கு அவர் தினமும் வந்து சுத்தம் செய்து கொடுக்கட்டும். இதைக் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

சாக்கில் கட்டிப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டால்?

விடாதீர்கள். தெரியாத இடத்தில் விடப்பட்ட வீட்டுப் பூனை நாயிடமும் பட்டினியிலும் மாட்டும். உங்கள் தெருவில் தீனியும் இடமும் அப்படியே இருப்பதால் வேறொரு கடுவன் வந்து அதே சுவரில் பீய்ச்சும்.

விஷம் வைக்கிற எண்ணம் வந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி ஒரு விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது எல்லாம் 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம். 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. மாடியில் வைத்த விஷச் சோற்றைக் காகம் கொத்திக்கொண்டுபோய் எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடும் என்று யாருக்குத் தெரியும்? எலி மருந்து தின்ற எலியைத் தின்றும் பூனை சாகும். மருந்து வைக்கிற வீடுகள் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

சட்டம் பூனைக்காரரையும் விடவில்லை. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடும் என்றிருந்தும் தடுக்காமல் விட்டால், அதே சன்ஹிதாவின் 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

பேசப் போகும்போது

கேட்டுக்கு வெளியே நின்று கத்தாதீர்கள், தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போடாதீர்கள். நாலு பேர் முன்னால் மானம் போன பிறகு யாரும் இறங்கி வர மாட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்த நேரமாகப் பார்த்து, கோபம் ஆறிய மறுநாள் போங்கள். "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும், கோச்சுக்காதீங்க. நம்ம மாடித் தொட்டியில தெனமும் பூன போயிடுது. இதோ போட்டோ. ராத்திரி மட்டும் உள்ள போட்டுக்க முடியுமா?" இப்படி ஒரே ஒரு தொல்லை, ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். பத்து வருடக் குறையையும் ஒரே மூச்சில் கொட்டினால் எதற்கும் பதில் கிடைக்காது.

எதிர்ப்பக்கத்தில் இருக்கிற பூனைக்காரருக்கு: "எங்க பூன அப்படிச் செய்யாது" என்று வாய் திறக்காதீர்கள். வந்தவரை உட்கார வையுங்கள், போட்டோவைப் பாருங்கள், அவரோடு மாடிக்குப் போய்க் கண்ணால் பாருங்கள், முடிந்தால் அன்றைக்கு நீங்களே அள்ளிப் போடுங்கள். ஒரு முறை குனிந்து அள்ளியவர்மேல் அக்கம்பக்கத்தார் கோபத்தைப் பிடித்து வைத்திருப்பதை நான் பார்த்ததில்லை.

என்ன ஒப்புக்கொண்டீர்களோ அதைத் தேதி போட்டு மெசேஜில் அனுப்பிக்கொள்ளுங்கள்: ஆபரேஷன் எந்த வாரம், டப் எப்போது, இரவு எத்தனை மணிக்கு உள்ளே. ஒரு மாதம் பாருங்கள். நடக்கவில்லையென்றால் குடியிருப்போர் சங்கம், வார்டு கவுன்சிலர், அசுத்தம் சம்பந்தமாக மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. மிரட்டலோ விஷமோ என்று போனால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நின்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள், வக்கீல் வைக்காமலே போகலாம்.

வீடு மாறும்போது

வாடகை வீடு காலி செய்கிறவர்கள் பூனையை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். "அது இந்த இடத்துக்குப் பழகிடுச்சு" என்று காரணம் சொல்வார்கள். பட்டினியில் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். பின்னால் குடிவருகிறவர் ஒன்றுமறியாமல் அந்தப் பூனையோடு சண்டை போட ஆரம்பிப்பார். கூண்டில் வைத்துக் கூடவே கொண்டு போங்கள். புது வீட்டில் மூன்று நாலு வாரம் வெளியே விடாமல் வையுங்கள், இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். அந்த வாரங்களுக்குள் புதுத் தெருவில் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய், பூனை இருக்கிறது, தடுப்பூசி போட்டிருக்கிறோம், ஏதாவது தொல்லை என்றால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.